வாப்பாவின் காதுச் சோதனை

வாப்பாவுக்குச் சோதனை வந்த வருடம் எனக்கும் சோதனை வருடமாகத்தான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எங்கள் டீச்சர் தினமும் கரும்பலகையின் மூலையில் எழுதி, மறுநாள் அழித்து, ஒன்று குறைத்து எழுதுவார். மூதூரில் அந்த வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை புள்ளி? ஆகவே ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைப் பிடித்து இருத்தி, "வாற புதன்கிழமை வாப்பாவுக்குத் திருமலையில சோதனை இருக்கு மகள், நீதான் கூடப் போகோணும்" என்று உம்மா சொன்னபோது, பெரிய ஆட்களையும் இவர்கள் விடுவதில்லையா என்று நினைத்தேனே தவிர, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

வாப்பா கடற்படையில் இருந்தவர். எனக்கு ஆறு வயது ஆகும் மட்டும் நாங்கள் திருமலையில், அதாவது திருகோணமலையில், படையினருக்கான விடுதியில் குடியிருந்தோம். என்னோடு விளையாடிய பிள்ளைகள் எல்லாரும் சிங்களம் கதைத்ததால் எனக்கும் அது தண்ணீர் மாதிரி வந்தது. எழுத வாசிக்கத்தான் தெரியாது. பிறகு கடலில் நடந்த ஒரு வெடிப்பில் வாப்பா ஓட்டிப்போன படகின் முன்பாதி உடைந்து போனது. கை, கால், கண் எல்லாம் முழுசாக வாப்பா திரும்பி வந்தார். ஆனால் இரண்டு காதும் போய்விட்டன. நாங்கள் உம்மாவின் ஊரான மூதூருக்கு வந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் செவிடு என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. வாப்பாவுக்கு எங்கள் இரண்டு பேரின் வாயை மட்டும் நன்றாக வாசிக்கத் தெரியும், உம்மாவின் வாயும் என்னுடைய வாயும். மற்றவர்கள் வேகமாகக் கதைப்பார்கள், அல்லது மீசை மறைக்கும், அல்லது கதைக்கும்போது வேறு எங்கேயாவது பார்ப்பார்கள். அப்போதெல்லாம் வாப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்வேன். தன் குரல் தனக்கே கேட்காததால் வாப்பா எப்போதும் உரத்துத்தான் கதைப்பார். இரகசியம் என்று ஒன்றை அவரால் வைத்துக்கொள்ளவே ஏலாது.

அதனால்தான், வாப்பாவைச் சோதனைக்கு அழைத்துக் கடிதம் வந்த அன்று குசினிக்குள் அவர் உம்மாவுக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. "திறைசேரியில காசு இல்லையாம். பழைய ஆக்கள் எல்லாரையும் திரும்பவும் பாக்கப் போறாங்களாம்." உம்மா அவசரமாக வாப்பாவின் வாயைக் கையால் பொத்தினார். திறைசேரி என்றால் அரசாங்கத்தின் கருவூலம் என்று தெரியாமல், அது பொலன்னறுவைப் பக்கம் இருக்கும் ஏதோ ஓர் ஊர் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாதாமாதம் வங்கிக்கு வருவது வாப்பாவின் அங்கவீனக் கொடுப்பனவு என்றோ, அதைக் கொண்டுதான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது என்றோ எனக்குத் தெரியாது. அதை நாங்கள் சம்பளம் என்றே சொல்லி வந்தோம். சம்பளம் வருகிறதென்றால் வேலை இன்னும் இருக்கிறது என்றுதானே அர்த்தம். சோதனையில் பாஸ் பண்ணினால் வாப்பாவைத் திரும்பவும் படகில் ஏற்றுவார்கள், வெள்ளை உடுப்பில் வாப்பாவைப் பார்க்கலாம் என்று என்பாட்டில் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

உம்மாவால் வர ஏலாது. என் தம்பி பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. நாற்பது நாள் முடியாமல் அவர் வாசலைத் தாண்டக் கூடாது. புதன்கிழமை காலையில் உம்மா எனக்குத் தலை இழுத்துக் கட்டினார்.

"கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு," என்றார். "எஞ்சின் கதையை மட்டும் எடுக்கப்படாது. விளங்கிச்சா?"

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலில் வாப்பா மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்துவார். ஓடும் எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். அதற்காகக் கடற்கரையில் மீனவர்கள் தங்கும் வாடியில் இருந்து ஆட்கள் மீன் கொண்டுவந்து தருவார்கள்.

"ஏன் உம்மா சொல்லப்படாது?"

"காது கேக்காத மனுசன் எப்பிடி எஞ்சின் பாக்கிற எண்டு கேப்பாங்க. பிறகு எல்லாம் முடிஞ்சுது." கட்டிய தலையை அவிழ்த்து மீண்டும் கட்டினார். "ஆர் கேட்டாலும், எப்பிடிக் கேட்டாலும் சொல்லாத."

நான் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவ்வளவு பெரிய பொறுப்பு அதற்கு முன் யாரும் எனக்குத் தந்ததில்லை.

பஸ்ஸில் வாப்பா தன் பத்திரங்கள் வைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கிண்ணியாப் பாலம் வந்தபோது வழக்கமாகத் தண்ணீரைக் காட்டி எங்கே ஆழம், எங்கே ஓட்டம் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லுவார். அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. டவுனில் இறங்கி ஓட்டோ பிடித்து முகாம் வாசலுக்குப் போனோம்.

அங்கே முதல் பயம் காத்திருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். வாப்பா நடக்கத் தொடங்கினார். பின்னால் இருந்து அந்தச் சிப்பாய் எதையோ கேட்டான். வாப்பா நடந்தார். சிப்பாய் மறுபடியும் கேட்டான். பிறகு நில் என்று கத்தினான். துவக்கின் பட்டி தோளில் இருந்து இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வாப்பா நடந்துகொண்டே இருந்தார். நான் நடுவில் ஓடி நின்று, "அவருக்குக் கேக்காது, அவருக்குக் கேக்காது," என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். சிப்பாய் என்னையும் வாப்பாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பட்டியை மேலே இழுத்துக்கொண்டான். பையைத் திறந்து காட்டாமல் போகிறார் என்பதுதான் அவனுடைய பிரச்சினை. வாப்பா திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் முகத்தைக் கண்டு, "என்ன மகள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று உதட்டை அசைத்தேன்.

உள்ளே இருந்த வைத்தியசாலை விறாந்தையில் இருப்பதற்கு நீள வாங்குகள் போட்டிருந்தார்கள். அவ்வளவு ஆண்கள் அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலில்லாதவர்கள், ஒரு கண்ணுக்குத் துணி கட்டியவர்கள், வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் நிலத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். பலர் பெண்சாதிமாரோடு வந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு ஒரு காலோடு இருந்தவர், இந்தச் சின்னப் பிள்ளை சிங்களம் கதைக்கிறதே என்று என்னோடு கதை கொடுத்தார்.

"அப்பாவுக்குப் போன முறை எத்தனை?" என்று கேட்டார்.

நான் அதை வாப்பாவிடம் கேட்டேன். "எழுபது," என்றார் வாப்பா, விறாந்தை முழுவதற்கும் கேட்கும்படி.

"நல்லது. எனக்கு அறுபத்தைந்து. ஐம்பதுக்குக் கீழே வந்தால்தான் வெட்டு."

வெட்டுப்புள்ளி என்றால் என்ன என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எழுபது எடுத்த ஆள் ஐம்பது எடுக்கமாட்டாரா என்று முதலில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஓர் ஆள் வெளியே வந்தார். அவருடைய பெண்சாதி எழும்பி நின்று முகத்தைப் பார்த்தார். "நாற்பது," என்றார் அந்த ஆள். பெண்சாதி அப்படியே தரையில் குந்திவிட்டார். யாரும் அவரைத் தூக்கப் போகவில்லை. பெரிய ஆட்களும் இதில் பெயிலாகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

எங்களைக் கூப்பிட்டார்கள். வாப்பாவுக்குக் கேட்கவில்லை, நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அறையில் ஒரு மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண் டொக்டர், வெள்ளைச் சீருடை போட்ட ஓர் அதிகாரி, எழுதிக்கொண்டிருந்த ஒரு கிளார்க். முதலில் கிளார்க் கேட்ட விபரங்களை நான் வாப்பாவிடம் கேட்க, அவர் சொன்னார். பிறகு வாப்பாவின் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமத்தவேண்டும், அமத்தினால் ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும். நான் சுவரோடு ஒட்டி நின்று அந்த வெளிச்சத்தையே பார்த்தேன். அது எரியவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒருமுறை எரிந்தது. பிறகு எரியவே இல்லை. அமத்துங்க வாப்பா, அமத்துங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பொத்தான் அவருடைய கையில்தானே இருக்கிறது," என்றார் அதிகாரி. "அமத்தாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? இந்தப் பிள்ளை கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொல்கிறார்." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போன குரலில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டில் அப்பா என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல. மரங்களுக்குத் தண்ணி ஊத்துவார்."

அதிகாரி எட்டி வாப்பாவின் கையைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்களில் கறுப்பு எண்ணெய் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டவர்," என்றேன். "என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போறவர்."

அவர் தலையாட்டினார். உம்மாவிடம் போய் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இனி என்ன கேட்டாலும் பயமில்லை என்று இருந்தது.

பெண் டொக்டர் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். மிகவும் அன்பாகக் கதைத்தார். தான் ஒவ்வொரு கேள்வியாகச் சிங்களத்தில் எனக்குச் சொல்வதாகவும், நான் அதை வழக்கமாக வீட்டில் கதைக்கும் சத்தத்தில் வாப்பாவிடம் தமிழில் கேட்கவேண்டும் என்றும், ஆனால் வாயை மறைத்துக்கொண்டு கேட்கவேண்டும் என்றும் சொன்னார். ஒரு பைல் மட்டையை என் கையில் தந்து, வாய்க்கு முன்னால் எப்படிப் பிடிப்பது என்றும் காட்டினார். வாப்பாவின் கதிரை எனக்கு முன்னால், மூன்று எட்டுத் தூரத்தில், கொஞ்சம் இடப்பக்கமாக இருந்தது. மேசை எனக்கு வலப்பக்கம். டொக்டர் திரும்பிப் போய் மேசையில் இருந்துகொண்டார். கேள்வியைச் சொல்லும்போது தன் வாயையும் கையால் மறைத்துக்கொண்டார்.

"உங்கட பேர் என்ன?" என்று மட்டைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

வாப்பா மட்டையைப் பார்த்தார். பிறகு என் கண்ணைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கிளார்க் தாளில் ஒரு பிழைக் கோடு போட்டான். எங்கள் டீச்சர் போடுவது மாதிரியே, குறுக்கும் மறுக்குமாக.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

இடியப்பம் என்று சொன்னால் முடிந்தது. வாப்பா என் நெற்றியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், எங்காவது ஒரு சொல் கிடைக்குமா என்று தேடுகிறவர் மாதிரி. அவருடைய மேலுதட்டில் வியர்த்திருந்தது. இரண்டாவது பிழைக் கோடு விழுந்தது.

ஊரில் யாருமே தன்னோடு கதைக்காமல் போகும்போது வாப்பாவின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல் போனது. மேசையில் இருந்த மூன்று பேரும் வாப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. நான் மட்டையை மெல்ல வலப்பக்கம் சரித்தேன். மேசைக்கு என் வாய் தெரியாது. வாப்பாவுக்குத் தெரியும்.

"உங்களுக்கு எத்தினை பிள்ளைகள்?"

வாப்பா என் உதட்டைப் பார்த்தார். மட்டையின் சரிவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். கிளார்க்கின் பேனை தாளுக்குக் கிட்டப் போய்விட்டது. நான் கண்ணால் கெஞ்சினேன். ஒரு பிள்ளை பரீட்சை மண்டபத்தில் இன்னொரு பிள்ளைக்குத் தன் தாளைக் காட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அகப்பட்டால் இரண்டு பேருக்கும் அடி. இருந்தும் மட்டையை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு," என்றார் வாப்பா.

அதிகாரி கதிரையில் நிமிர்ந்தார். கிளார்க் சரி போட்டான்.

"எந்த ஊர்?"

"மூதூர்."

"மகள் எத்தினையாம் வகுப்பு?"

"அஞ்சாம் வகுப்பு. நல்லாப் படிக்கிறா," என்றார் வாப்பா. கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

டொக்டரும் அதிகாரியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போதும் என்றார். எனக்கு ஒரு டொபி தந்து, நல்ல பிள்ளை என்று கன்னத்தில் தட்டினார். அவருடைய முகத்தில் ஏன் சந்தோசம் இல்லை என்று நான் யோசிக்கவில்லை.

வெளியே வாப்பா பைப்படியில் நெடுநேரம் முகம் கழுவினார். அவர் நிமிர்ந்ததும் நான் முன்னால் போய் நின்று சொன்னேன். "வாப்பா, மூண்டு சரி, ரெண்டுதான் பிழை. அஞ்சில மூண்டு எண்டா அறுபது."

"என்ன?" என்றார். ஈரம் கண்ணுக்குள் போயிருந்தது. நான் மறுபடியும் சொன்னேன். "அறுபது வாப்பா. வெட்டுக்கு மேல."

வாப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஈரக்கையை என் தலையில் வைத்து, "ஓம் மகள். அறுபது," என்றார். டவுனில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் எனக்கு முட்டை ரொட்டி எடுத்துத் தந்தார். தனக்குப் பிளேன்டீ மட்டும் சொன்னார். அதையும் ஆறவிட்டார்.

சோதனையின் முடிவுக் கடிதம் தம்பியின் நாற்பது முடிந்து சில நாட்களில் வந்தது. வாப்பா வாசித்துவிட்டு உம்மாவுக்குச் சொன்னார். முப்பது என்று போட்டிருந்தது. கொடுப்பனவு அடுத்த மாதத்தோடு நிற்கும். முப்பது எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அறுபதை யாரோ பிழையாகக் கூட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உம்மா என் கையைப் பிடித்துவிட்டார். அவ்வளவு இறுக்கமாக அவர் பிடித்ததில்லை.

"எஞ்சின் கதையச் சொன்னியா?"

"இல்ல உம்மா."

"உண்மையைச் சொல்லு. ஆரிட்டச் சொன்ன?"

"அல்லாஹ் மேல சத்தியமா இல்ல."

உம்மாவின் மற்றக் கை ஓங்கியது. வாப்பா எங்கள் இருவருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளையை விடு," என்றார். "நான்தான் சொன்னன்."

உம்மா கையை இறக்கினார்.

"அந்த ஒபிசர் நகத்தைப் பாத்துக் கேட்டான். வாயில வந்திட்டுது."

அது நடக்கவே இல்லை. அந்த அறைக்குள் வாப்பாவின் வாயில் இருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். அந்த அதிகாரி வாப்பாவிடம் எதையும் கேட்கவே இல்லை, என்னிடம்தான் கேட்டார். நான் அழகாகச் சமாளித்தேன். அதை நான் உம்மாவுக்குச் சொல்லியும் இருந்தேன். இப்போது உம்மா என்னை நம்புவதா வாப்பாவை நம்புவதா என்று தெரியாமல் அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வாப்பா கிண்ணியாவில் வள்ளம் கட்டும் இடமொன்றில் எஞ்சின் வேலைக்குப் போனார். ஒளித்துச் செய்ய இனி எதுவும் இல்லை. எட்டு வருடம் கழித்து மேல்முறையீட்டுக்கு எழுதியபோது பழைய பைலின் பிரதியைத் தந்தார்கள். அதற்குள் எனக்குச் சிங்களம் வாசிக்கவும் தெரிந்திருந்தது. மகளின் வாயை மறைத்துச் செய்த பேச்சுச் சோதனையில் ஐந்து கேள்விகளில் மூன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னார், ஆகவே காது கேட்கிறது என்று அந்தத் தாளில் இருந்தது. எழுபது, முப்பது என்பதெல்லாம் எடுத்த புள்ளி அல்ல, அங்கவீனம் எத்தனை வீதம் என்ற கணக்கு. அந்தச் சோதனை எதற்கு என்று வாப்பாவுக்கு முதலிலிருந்தே தெரியும். அழைப்புக் கடிதத்தை வாசித்தவர் அவர்தானே. மட்டை சரிந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். கொழும்பில் பொத்தான் இல்லாத புதிய மெஷினில் வைத்துப் பார்த்து, காது இரண்டும் போனதுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். கொடுப்பனவு திரும்ப வந்தது. அன்று ஏன் பதில் சொன்னீர்கள் என்று பஸ்ஸில் வைத்துக் கேட்டேன்.

"நீ கேட்டுப்போட்டு நிண்டாய்," என்றார் வாப்பா.

ஆனால் அது எட்டு வருடம் கழித்து. கடிதம் வந்த அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: வாப்பா பொய் சொல்கிறார். கஷ்டப்பட்டு நான் காப்பாற்றிய இரகசியத்தைத் தான் உடைத்துவிட்டதாகச் சொல்லி, நான் செய்த ஒரேயொரு கெட்டித்தனத்தையும் இல்லாமல் ஆக்குகிறார். உம்மா மூன்று நாள் வாப்பாவோடு கதைக்கவில்லை. சோற்றை முன்னால் வைத்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். நானும் அப்படியே செய்தேன். வாப்பா என் முன்னால் வந்து குந்தி, "என்ன மகள், வாப்பாவோட கோவமா?" என்று அந்த உரத்த குரலில் கேட்டார். நான் மறுமொழி சொன்னேன். ஓம், கோபம்தான், நீங்கள் பொய் சொல்லிவிட்டீர்கள் என்று சொன்னேன். ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். வாப்பா நான் திரும்புவேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழும்பிப் போனார்.